மருத்துவ மேதை உபேந்திரநாத் பிரம்மச்சாரி

உலகில் தமக்கென வாழ்ந்து மறைந்தோர் எண்ணிலர். பிறர் உயிர் பிழைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டோர் மிகச் சிலரே. அந்தச் சிலருள்ளும், பெரிய மாளிகையோ விலையுயர்ந்த கருவிகளோ இன்றி, கைக்கெட்டியதைக் கொண்டே பெருஞ்செயல் முடித்தோர் இன்னும் குறைவு. அத்தகையோருள் ஒருவரே டாக்டர் சர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆவார். இரொனால்டு ராஸ் பெயரை நம் பாடநூல்கள் கூறுகின்றன, சி. வி. இராமன் பெயரை நம் பிள்ளைகள் அறிவர். ஆனால் இலட்சக்கணக்கான ஏழைகளைச் சாவின் வாயிலிருந்து மீட்ட இவ்வங்க மருத்துவரின் பெயர் நம் பக்கத்தில் பலருக்கும் தெரியாது. இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது என்பதால் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கருங்காய்ச்சல் என்னும் கொடுநோய்

பிரம்மச்சாரியின் பெருமையை உணர வேண்டுமாயின், முதலில் அவர் எதிர்த்துப் போராடிய நோயை அறிதல் வேண்டும். வடநாட்டில் அதனைக் காலா அஜார் என்பர். கருங்காய்ச்சல் எனத் தமிழில் கூறலாம். நோயாளிக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். மண்ணீரல் வீங்கி வயிறு பானைபோல் பருக்கும். கைகால்கள் குச்சிகளாகும், இரத்தம் வற்றும், தோல் கருமை படரும். இறுதியில் நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ வந்து உயிரைக் கொண்டுபோகும். மருத்துவம் செய்யாது விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இறப்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோய் அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே ஊர் ஊராக ஏறிச் சென்றது. சென்ற இடமெல்லாம் சிற்றூர்கள் பாழாயின. உழுவதற்கு ஆளின்றி வயல்கள் காடாயின. இந்நோய் அனைவரையும் ஒன்றாகப் பாவிக்கவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். இதனைப் பரப்புவது கொசுவினும் சிறிய மணல் ஈ. அது மண் சுவரின் வெடிப்புகளிலும், மாட்டுக் கொட்டிலின் ஈரத் தரையிலும் இனம் பெருக்கும். ஆகவே மண் குடிசையில், தரையில் படுத்துறங்கும் ஏழையே இதற்கு முதல் இரையானான். வயிறார உண்ணாத உடலில் நோய் விரைந்து முற்றியது.

இதனை நெடுங்காலம் முற்றிய மலேரியா என்றே மருத்துவர் பலர் எண்ணியிருந்தனர். மலேரியாவின் மர்மத்தை விடுவித்த ராஸ் அவர்களே 1898-இல் இதனை ஆராய அனுப்பப்பட்டபோது அவ்வாறே கருதினார். 1903-ஆம் ஆண்டில்தான் உண்மை வெளிப்பட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பணியாற்றி, இங்கிலாந்து திரும்பி இறந்த போர்வீரன் ஒருவனின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணுயிரைப் பற்றி வில்லியம் லீஷ்மன் என்பார் எழுதினார். அதே ஆண்டு நம் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்னும் மருத்துவரும் அதே உயிரைக் கண்டார். இருவர் பெயரையும் இணைத்து அவ்வொட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவானி எனப் பெயரிட்டனர். பகைவன் யார் என்பது தெரிந்தது. ஆனால் அவனை வெல்லும் படைக்கலம் எவர் கையிலும் இல்லை. மலேரியாவைத் தணிக்கும் கொயினா இதனிடம் பலிக்கவில்லை.

பிறப்பும் கல்வியும்

உபேந்திரநாத் 1873-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் குடும்பம் வங்காளத்தின் பர்துவான் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் நீல்மணி பிரம்மச்சாரி, பீகாரில் உள்ள ஜமால்பூரில் கிழக்கிந்திய ரயில்வேயின் மருத்துவராகப் பணிபுரிந்தார். ஜமால்பூர் ரயில்வே பள்ளியிலேயே மகனின் தொடக்கக் கல்வி நிகழ்ந்தது. பின்னர் ஹூக்ளிக் கல்லூரியில் பயின்று 1893-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். கணிதத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர், கணிதப் பேராசிரியராகியிருக்கலாம். ஆனால் அவர் மனம் வேதியியலையும் மருத்துவத்தையும் நாடிற்று. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியலில் எம்.ஏ. பட்டம் பெற்றார். ஆச்சாரியர் பிரஃபுல்ல சந்திர ராய் அங்கு ஆசிரியராக விளங்கிய காலம் அது.

தொடர்ந்து மருத்துவம் பயின்று 1900-இல் எம்.பி. தேர்வில் மருத்துவம், அறுவை இரண்டிலும் முதலிடம் பெற்றார். 1902-இல் எம்.டி. பட்டமும், 1904-இல் இரத்த அணுக்கள் சிதைவதைப் பற்றிய ஆய்வுக்காகப் பிஎச்.டி. பட்டமும் பெற்றார். கணிதம், வேதியியல், மருத்துவம் ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே குடிகொண்டதை வாசகர் நினைவிற் கொள்க. பிற்காலத்தில் அவர் வெற்றிக்கு இம்மூன்றுமே துணை நின்றன.

இங்கு ஓர் உண்மையை மறைக்காது கூறுதல் நம் கடன். பிரம்மச்சாரி கல்வி மரபுடைய குடும்பத்தில் பிறந்தவர். அவர் வீட்டில் நூல்கள் இருந்தன; தந்தை மருத்துவராயிருந்தார்; பள்ளியின் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. அக்காலத்தில் நம் முன்னோர்க்கு அக்கதவு சாத்தப்பட்டிருந்தது. ஆகவே அவர் பட்ட இன்னல்களையும் நம்மவர் பட்ட இன்னல்களையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. எனினும் கதவைக் கடந்து உள்ளே சென்றபின் அவர் எதிர்கொண்ட தடைகள் சிறியனவல்ல. அவற்றை அவர் கடந்த வகை நமக்கும் பாடமாகும்.

குழாயும் இல்லாத அறை

அரசு மருத்துவப் பணியில் சேர்ந்த பிரம்மச்சாரி டாக்கா மருத்துவப் பள்ளியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1905-இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியிலுள்ள கேம்ப்பெல் மருத்துவப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். இன்று நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி என விளங்குவது அதுவே. 1923 வரை அவர் அங்கேயே ஆசிரியராகவும் மருத்துவராகவும் தொண்டாற்றினார்.

கேம்ப்பெல் மருத்துவமனை ஏழைகளின் மருத்துவமனை. பெரும்பதவிகளும் நல்ல ஆய்வுக்கூடங்களும் அக்காலத்தில் பெரும்பாலும் ஐரோப்பிய மருத்துவ அதிகாரிகளுக்கே உரியனவாயிருந்தன. வெப்பநாட்டு நோய்களை ஆராயவென்றே கல்கத்தாவில் தனிப் பள்ளி ஒன்று கட்டப்பட்டு, 1920-களின் தொடக்கத்தில் எல்லா வசதிகளோடும் இயங்கத் தொடங்கியது. பிரம்மச்சாரி தம் ஆய்வை அதற்கு வெளியே நின்றே நடத்தினார். அவருக்குக் கிடைத்தது மருத்துவமனையின் ஒரு சிறிய அறை. வேதியியல் ஆய்வுக்கு இன்றியமையாதது அடுப்பெரிக்கும் எரிவாயு, அது அங்கில்லை. அடுத்து வேண்டுவது ஓடும் நீர். அவ்வறையில் குழாயும் இல்லை. மின்விளக்கு இல்லாமையால் இரவில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது.

பகல் முழுதும் நோயாளிகளைக் கவனிப்பதும் மாணவர்க்குப் பாடம் சொல்வதும் அவர் வேலை. ஊரார் உறங்கும் நேரமே அவருக்கு ஆய்வு நேரம். ஏனைய நாடுகளில் மருந்துகளை உருவாக்கப் பெருந்தொழிற்சாலைகள் இருந்தன. வேதியியலார் ஒருபுறமும் மருத்துவர் மறுபுறமுமாகக் கூட்டமாக உழைத்தனர். இங்கோ வேதியியலாரும் மருத்துவரும் பெரும்பாலும் ஒருவரே.

படிப்படியாய்ப் பெற்ற வெற்றி

பிரம்மச்சாரி ஒரே பாய்ச்சலில் மருந்தைக் கண்டுவிடவில்லை. அவர் நடந்த வழியைச் சற்று விரிவாகக் காண்போம். ஆராய்ச்சி என்பது யாது என்பதை அது விளக்கும்.

ஆண்டிமனி என்பது ஓர் உலோகம் போன்ற தனிமம். அதன் உப்பாகிய டார்ட்டார் எமெட்டிக் ஒட்டுண்ணி நோய்களைத் தணிக்கும் என்பதைப் பிரேசில் நாட்டின் காஸ்பர் வியன்னா தோல் நோயாளிகளிடம் கண்டார். 1915-இல் சிசிலித் தீவின் மருத்துவர்கள் அதனைக் கருங்காய்ச்சலுக்குப் பயன்படுத்தினர். அதே காலத்தில் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸும் பிரம்மச்சாரியும் அதனைக் கையாண்டனர். நோயாளிகள் சிலர் பிழைத்தனர். ஆயினும் அம்மருந்து நஞ்சுத்தன்மை மிகுந்தது. இரத்தக்குழாயில் ஊசி போட்டவுடன் இருமலும் வாந்தியும் உண்டாகும். சிலர்க்கு இதயமே தளரும். அதனினும் பெரிய இடர் காலம். சிறிது சிறிதாக மாதக்கணக்கில் மருந்தேற்ற வேண்டியிருந்தது. அன்றாடம் கூலி வேலைக்குச் சென்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ளவன் எவ்வாறு மாதக்கணக்கில் மருத்துவமனையில் படுத்திருப்பான்? சற்றே காய்ச்சல் விட்டதும் வீடு திரும்புவான்; நோயும் திரும்பும். இவ்வாறு பாதியில் விடுத்தோர் பலர்.

ஆகவே நோயைத் தீர்த்தால் மட்டும் போதாது, ஏழை தாங்கக்கூடிய காலத்திற்குள் தீர்க்க வேண்டும் என்பது மருந்தின் இலக்கணமாயிற்று. பிரம்மச்சாரி முதலில் பொட்டாசியத்துக்கு மாற்றாகச் சோடியம் சேர்ந்த ஆண்டிமனி உப்பை ஆய்ந்தார். பின்னர் ஆண்டிமனி உலோகத்தையே மிக நுண்ணிய துகளாக்கி நீரில் மிதக்கவிட்டுச் செலுத்திப் பார்த்தார். பயன் தெரிந்தது, ஆனால் அத்தகைய மருந்தைச் செய்வதும் காப்பதும் எளிதாயில்லை. எனவே அதனை விட்டு மேலும் நடந்தார்.

அக்காலத்தில் செருமனியில் பால் எர்லிக் என்னும் அறிஞர் ஆர்சனிக்கைக் கரிமப் பொருளோடு இணைத்து மேகநோய்க்கு மருந்து கண்டிருந்தார். தனிம அட்டவணையில் ஆர்சனிக்கிற்கு நேர் கீழே அதே தொகுதியில் அமைந்தது ஆண்டிமனி. நம் மாணவர் வகுப்பில் மனப்பாடம் செய்யும் அவ்வட்டவணை பிரம்மச்சாரிக்கு வழிகாட்டியாயிற்று. மேலே உள்ளதை வைத்து ஒரு நோய்க்கு மருந்து செய்யலாமெனில், கீழே உள்ளதை வைத்து வேறொரு நோய்க்கு ஏன் செய்யலாகாது என அவர் எண்ணினார்.

1919-இல் இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகத்திலிருந்து அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. 1920-இல் ஆண்டிமனி சேர்ந்த கரிம அமிலம் ஒன்றினை யூரியாவோடு இணைத்துப் புதிய மருந்தொன்றை உருவாக்கினார். அதுவே யூரியா ஸ்டிபமின். ஆண்டிமனியின் இலத்தீன் பெயர் ஸ்டிபியம் என்பதால் அப்பெயர் அமைந்தது. நள்ளிரவை நோக்கி இரவு நகர்ந்துகொண்டிருக்க, விளக்கின் புகை நிறைந்த அறையில் முதல் சோதனைகளின் நல்ல முடிவைத் தாம் கண்ட அந்த நேரத்தைப் பிற்காலத்தில் அவர் மகிழ்வோடு நினைவுகூர்ந்தார். அவ்வறையைத் தமக்கொரு திருத்தலமாகவே கருதினார்.

கேம்ப்பெல் மருத்துவமனை நோயாளிகளுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. முதலில் எட்டு நோயாளிகளின் விவரங்களை 1922-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். மாதங்கள் தேவைப்பட்ட மருத்துவம் சில வாரங்களில் முடிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. வற்றிய இரத்தம் ஊறியது. எட்டு என்பது சிறிய எண்ணிக்கையே. ஆனால் தாம் கண்டதை மறைவின்றி எழுதிப் பிறர் சோதித்துப் பார்க்க வைத்ததே அறிவியல் நெறி.

பிறர் சோதனையும் மக்கள் பயனும்

புதிய மருந்தை உருவாக்கியவரே அதனைப் புகழ்ந்தால் உலகம் நம்பாது, நம்பவும் கூடாது. ஷில்லாங்கிலுள்ள பாஸ்டர் நிலையத்தின் இயக்குநர் மேஜர் ஷார்ட் இம்மருந்தைத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். அது விரைந்து குணப்படுத்துவதையும் பெரும்பாலோர் அதனைத் தாங்குவதையும் கண்டு அறிவித்தார். கல்கத்தாவிலும் பிற மருத்துவர்கள் சோதித்தனர். மருந்தின் அமைப்பைப் பற்றியும், தயாரிப்புக்குத் தயாரிப்பு அதன் தன்மை மாறக்கூடுமோ என்பதைப் பற்றியும் வேதியியலாரிடையே வாதங்கள் எழுந்தன. அவ்வாதங்களுக்கு இடையிலும் மருந்து பரவியது.

அஸ்ஸாம் அரசு இதனைப் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கியது. ஊர்தோறும் சிகிச்சை மையங்கள் நிறுவப்பட்டன. மருத்துவமனைக்கு வர இயலாத மக்களைத் தேடி மருந்து சென்றது. பத்து ஆண்டுகளுக்குள் அம்மாநிலத்தில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இம்மருந்தால் உயிர் பிழைத்தனர் என அரசின் பொதுநலத் துறை மதிப்பிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாண்ட நோயில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கலாயினர். இதைவிட வேறு விருது ஒரு மருத்துவர்க்கு வேண்டுமோ?

நோயைக் கண்டறிவதிலும் பிரம்மச்சாரி எளிய வழியொன்றைக் கண்டார். இரத்தம் உறைந்தபின் தெளியும் சீரத்தோடு காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தால், கருங்காய்ச்சல் நோயாளியின் சீரம் கலங்கி வீழ்படிவு தோன்றும். மண்ணீரலில் ஊசி குத்திப் பார்ப்பது ஆபத்தான வேலை; அதற்குப் பழகிய கையும் நுண்ணோக்கியும் வேண்டும். நீர்ச் சோதனைக்கோ ஒரு கண்ணாடிக் குழாயும் சிறிது நீரும் போதும். முற்றிலும் பிழையற்ற சோதனை என்று கூற இயலாவிடினும், வசதியற்ற ஊர்களில் அது கைகொடுத்தது.

மற்றொரு கண்டுபிடிப்பும் குறிப்பிடத்தக்கது. கருங்காய்ச்சல் தீர்ந்தோர் சிலர்க்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெளிறிய தேமலும் முடிச்சுகளும் தோன்றின. பார்ப்பவர் இதனைத் தொழுநோய் எனக் கருதி அஞ்சுதல் இயல்பு. 1922-இல் பிரம்மச்சாரி அம்முடிச்சுகளில் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியே தங்கியிருப்பதைக் காட்டினார். காய்ச்சல் தீர்ந்த பின்னும் இத்தகையோரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவக்கூடும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன. தொழுநோயாளி என்று ஒதுக்கப்பட இருந்த மனிதனுக்கு, உன் நோய் வேறு, அதற்கும் மருந்துண்டு என்று கூற இயன்றது. ஒதுக்கப்படுதலின் வலியை அறிந்தோர் இக்கண்டுபிடிப்பின் அருமையை நன்குணர்வர்.

பிற்கால வாழ்வு

1923-இல் பிரம்மச்சாரி கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1927-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவிலேதான். தம் பொருளைக் கொண்டு ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவி மருந்தைத் தொடர்ந்து தயாரித்தார். கருங்காய்ச்சலைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1928-இல் வெளியிட்டார். 1939-இல் கல்கத்தாவில் இரத்த வங்கி அமைவதிலும் முன்னின்றார். 1934-இல் அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. 1936-இல் இந்தூரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

நோபல் பரிசுக்கு 1929-இல் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை. இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் அவர் ஆய்வை நிறுத்தினாரில்லை. கருங்காய்ச்சலை மணல் ஈயே பரப்புகிறது என்பதை 1942-இல் அஸ்ஸாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் ஐயமற நிறுவினர். அதனையும் காண உயிரோடிருந்த பிரம்மச்சாரி 1946 பிப்ரவரி 6-ஆம் நாள் காலமானார்.

யூரியா ஸ்டிபமின் இன்று வழக்கில் இல்லை. அதன் இடத்தை அதனினும் சீரான ஆண்டிமனி மருந்துகள் பெற்றன. பின்னர் பீகாரில் ஒட்டுண்ணி ஆண்டிமனிக்கே அடங்காது போனபோது வேறு மருந்துகள் வந்தன. ஒரு காலத்தில் ஊர்களை அழித்த இந்நோயைத் தன் மண்ணிலிருந்து பொதுநலச் சிக்கல் என்ற அளவில் ஒழித்துவிட்டதாக வங்கதேசம் 2023-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்நெடும் பயணத்தின் முதற்பெரும் அடி கேம்ப்பெல் மருத்துவமனையின் சிற்றறையில் எடுத்து வைக்கப்பட்டது.

நாம் கற்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து வறுமையே நல்லது, வசதிகள் தேவையில்லை என்று எவரும் பொருள்கொள்ளலாகாது. அவ்வறையில் குழாயும் விளக்கும் இருந்திருப்பின் மருந்து சில ஆண்டுகள் முன்னரே கிடைத்திருக்கக் கூடும். அவ்வாண்டுகளில் மாண்டோர் பலர் வாழ்ந்திருப்பர். ஆகவே ஆய்வுக்கூடமும் கருவியும் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அவற்றைக் கேட்டுக்கொண்டே, இருப்பதைக் கொண்டு இன்றே தொடங்குவது நம் கடமை. பிரம்மச்சாரி இரண்டையும் செய்தார். உதவித்தொகை வரும்வரை அவர் கைகட்டி இருக்கவில்லை; வந்தபோது அதனைத் தள்ளவுமில்லை.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. முதல் ஊசியைத் தம் உடலில் ஏற்ற ஏழை நோயாளிகளின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்களின்றி அம்மருந்து இல்லை. இன்று ஆய்வு செய்வோர் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் இசைவு பெற்ற பின்னரே தொடங்க வேண்டும் என்பது விதி. ஏழைகளின் நோய்களை ஆராய்வோர் ஏழைகளின் வீடுகளிலிருந்தே வருவாராயின் அவ்விதி ஏட்டோடு நில்லாது.

இளைஞர்களே! நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் படிப்பகமும் உதவித்தொகையும் நடத்தி வருவது, உங்களுக்குப் பட்டமும் வேலையும் கிடைப்பதோடு முடிந்துவிடுதற்கன்று. காசநோய், தொழுநோய், பாம்புக்கடி, குழந்தைகளின் இரத்தச்சோகை என ஏழைகளின் குடிசைகளைச் சுற்றி வரும் துன்பங்கள் இன்னும் பல உள. அவற்றை நூலில் படிக்கும் முன்னரே வீட்டில் கண்டவர்கள் நீங்கள். உங்கள் பள்ளிச் சோதனைக் கூடத்தில் நான்கு சோதனைக் குழாய்களே இருப்பினும் அவற்றைக் கழுவி எடுத்து வேலையைத் தொடங்குங்கள். ஐந்தாவது குழாயையும் கேட்டு வாங்குங்கள். நாளை உங்களுள் ஒருவர் ஏதேனும் ஒரு மருத்துவமனையின் சிற்றறையில் இரவு கண்விழித்து ஆய்ந்து, ஏழை தாங்கக்கூடிய மருந்தொன்றைக் காண்பாராயின், அதுவே இவ்வெள்ளி விழாவின் பயனாகும்.